ரசத்துக்கு என்ன வெஞ்சனம்?

எனக்குக் கோபம் வந்தால் பசிக்கும். அவளுக்கு மனசு சரியில்லை என்றால் பசி செத்துவிடும். மருத்துவக் கல்லூரி விடுதியில் அவளோடு ஐந்து வருடம் ஒரே அறையில் படுத்து எழுந்த எனக்கு இது தெரியும். முதல் வருடம் உடற்கூறியல் தேர்வில் ஒரு எலும்பின் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டு வந்து மூன்று நாள் வெறும் டீயில் ஓட்டியவள் அவள். அதே தேர்வில் நான் நான்கு எலும்புகளை மாற்றிச் சொல்லிவிட்டு, நேராக மெஸ்ஸுக்குப் போய் ஆறு பரோட்டா தின்றேன். இவ்வளவு தெரிந்தும் கொரோனா இரண்டாம் அலையின்போது என் கண்ணெதிரே அவள் பட்டினி கிடந்தாள். நான் அந்தப் பட்டினிக்குக் காவல் நின்றேன். இப்போது எழுதும்போதும் என் மேல் எனக்கு எரிச்சல் வருகிறது.

அப்போது நாங்கள் ஹவுஸ் சர்ஜன்கள். படிப்பு முடிந்த மாதிரியும் முடியாத மாதிரியும் இருக்கிற பயிற்சி வருடம் அது. வேலை என்று வந்தால் நாங்கள் டாக்டர். நாற்காலி என்று வந்தால் மாணவிகள். கல்லூரி வேறு ஊரில். ஆள் போதவில்லை என்று எங்களில் சிலரைத் திண்டுக்கல்லுக்கு அனுப்பினார்கள். எங்கள் இருவருக்கும் அது சொந்த ஊர்ப் பக்கம். எனக்குச் சித்தையன்கோட்டை, வீட்டில் தென்னையும் கத்தரிக்காயும் வெண்டையும். அவளுக்குத் திண்டுக்கல் பேகம்பூர். அவள் அப்பா, அவள் வாயில் அத்தா, தோல் வியாபாரம் செய்தார்.

சொந்த ஊருக்கு வந்தும் வீட்டுக்குப் போக முடியவில்லை. வார்டில் இருப்பதைக் கொண்டுபோய் வீட்டில் வைத்துவிட்டால்? அவள் அத்தாவுக்குச் சர்க்கரை, போதாததற்கு இதயத்தில் ஸ்டென்ட். எனவே மூடிக் கிடந்த ஒரு பெண்கள் விடுதியைத் திறந்து எங்களை அங்கே போட்டார்கள். ஜன்னலைத் திறந்தால் மலைக்கோட்டை தெரியும். வேடிக்கை பார்க்க நேரம் கிடையாது என்பதால் அது பாட்டுக்கு அங்கே இருந்தது.

நாங்கள் வந்தபோது ரமலான் மாதம். காலை ஷிப்ட் என்றால் ஆறு மணி நேரம் பிபிஇ உடைக்குள் கிடக்க வேண்டும். உள்ளே தண்ணீர் குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது, வேர்வையைத் துடைக்க முடியாது. அந்த வகையில் எங்கள் எல்லோருக்குமே நோன்புதான், அவளுக்கு மட்டும்தான் அதற்குப் புண்ணியம் என்று கிண்டல் செய்வேன். சாயங்காலம் அவள் அத்தா மொபெட்டில் வந்து விடுதி கேட்டில் ஒரு தூக்குவாளியை மாட்டிவிட்டு, சாலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்வார். இவள் இறங்கிப் போய் எடுப்பாள். அவர் அங்கிருந்து கை காட்டுவார், இவள் இங்கிருந்து காட்டுவாள். வாளி நிறைய நோன்புக் கஞ்சி. அதில் பாதிக்கு மேல் நான்தான் குடித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

பெருநாள் வந்தது, பிரியாணி வந்தது, போனது. அதற்குப் பிறகும் அவள் ஆறு நாள் நோன்பு பிடித்தாள். வருடா வருடம் பிடிப்பாள், எனக்குப் பழக்கம்தான். ஆறும் முடிந்த மறுநாள் மதியம் நான் சாப்பாட்டுப் பொட்டலத்தை நீட்டியபோது, "வேணாம்டி. ரமலான்ல விட்ட நோன்பு பாக்கி இருக்கு, அதப் புடிக்கிறேன்" என்றாள்.

சரி என்றேன். அவ்வளவுதான். அன்றைக்கு அந்த ஒரு சொல்லோடு என் கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

அதன் பிறகு யார் வந்தாலும் நான்தான் பதில். பொட்டலம் கொண்டுவரும் கேன்டீன் அண்ணனிடம், "அண்ணே, அவளுக்கு நோன்பு, ஒரு பொட்டலம் கொறச்சுக் குடுங்க." டீ குடிக்கக் கூப்பிட்ட மற்ற மாணவிகளிடம், "அவள விடுங்கடி, நோன்பு." எங்கள் அறையில் அவள் முன்னால் சாப்பிடக் கூடாது என்று நான் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு கீழே மாடிப்படியில் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். எவ்வளவு நல்லவள் நான் என்று எனக்கே ஒரு பெருமை வேறு. சாயங்காலம் ஷிப்ட் ஒத்துவந்த நாட்களில் அவள் என் எதிரில் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பாள். "சோறு அப்புறமா சாப்டுக்குறேன்" என்பாள். அதற்குள் நான் கட்டை மாதிரி தூங்கிப் போயிருப்பேன். அவள் சுடிதார் தோளில் நிற்காமல் நழுவியது. வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. பார்த்தேன். நோன்பு, வெயில், பிபிஇ என்று மூன்று காரணங்களை வரிசையாக வைத்திருந்தேன். நோயாளி யாராவது இப்படி இளைத்திருந்தால் எத்தனை கேள்வி கேட்டிருப்பேன்!

இந்த நாட்களில்தான் எங்கள் மனநலம் பற்றி மேலிடத்துக்குக் கவலை வந்தது. செல்போனில் ஒரு படிவம் அனுப்பினார்கள். கடந்த இரண்டு வாரங்களில் உங்களுக்குப் பசியின்மை இருந்ததா? தூக்கமின்மை இருந்ததா? ஒருபோதும் இல்லை, சில நாட்கள், பல நாட்கள், தினமும். பிபிஇயைக் கழற்றிவிட்டு ஈரக் கையோடு நின்று எல்லாவற்றுக்கும் 'ஒருபோதும் இல்லை' என்று நான் தட்டிவிட்டேன். அவளும் பக்கத்தில் நின்று அதையேதான் தட்டினாள். மறுநாள் ஓர் இணையவழிக் கூட்டம். வருகைப் பதிவு கட்டாயம். திரையில் ஒருவர், "கண்களை மூடி ஆழமாக மூச்சை உள்ளே இழுங்கள்" என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் முப்பது பேர் மூச்சை உள்ளே இழுக்க முடியாமல்தான் படுத்துக் கிடந்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு பாக்கெட் மிக்சர் காலி.

அவள் நோன்பு என்று சொல்ல ஆரம்பித்து ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ இருக்கும். காலையில் ஷிப்டுக்குக் கிளம்பும்போது, "பேட் இருக்காடி? என்கிட்ட தீந்துபோச்சு" என்று கேட்டாள். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மதியம் திரும்பி வந்தோம். பொட்டலத்தை நீட்டினேன். "நோன்புடி" என்றாள். சரி என்று நான் வழக்கம்போல் மாடிப்படிக்குப் போனேன். சாம்பார் சாதமும் ஓர் அவித்த முட்டையும். முட்டையில் பாதியைக் கடித்தவுடன் என் வாய் நின்றுவிட்டது.

மாதவிலக்கு நாட்களில் அவர்கள் நோன்பு பிடிக்க மாட்டார்கள். பிடிக்கவும் கூடாது. ஐந்து வருடமாக ரமலானில் அந்த நாட்கள் வந்தால் அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவாள். யாரும் வராமல் நான் வெளியே நிற்பேன். அப்படி விட்ட நாட்களைத்தானே விட்ட நோன்பு என்று பிறகு பிடிக்கிறாள்! அது எனக்குத் தெரியாதா?

மீதி முட்டையை அப்படியே வைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன். அவள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"ஏடி, இன்னிக்கு உனக்கு எப்படிடி நோன்பு?"

திரும்பினாள். காலையில் என்னிடம் கேட்டு வாங்கியது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

எனக்குக் கத்தத்தான் வரும். கத்தினேன். "எத்தன நாளாடி? வந்தவன் போனவன்கிட்டயெல்லாம் அவளுக்கு நோன்பு, அவளுக்கு நோன்புன்னு வாசல்ல நாய் மாதிரி நின்னேனேடி! ஒன்னயப் பட்டினி போடுறதுக்கு என்னையவே காவலுக்கு வச்சியா?"

"கத்தாதடி. நீ கத்துனா எனக்கு அழுக வந்துரும்."

"அழுது தொல!"

அழுதாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினேன். முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கைக்குத் தட்டுப்பட்டது. எனக்குப் பயமாகிவிட்டது. அப்புறம் அவளே சொல்ல ஆரம்பித்தாள்.

சின்னாளப்பட்டியிலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் ஒரே ஆம்புலன்ஸில் வந்து சேர்ந்திருந்தார்கள். அவர் மினிபஸ் ஓட்டி ஓய்ந்தவர். அவரை ஆண்கள் வார்டிலும் அந்தம்மாவைப் பெண்கள் வார்டிலும் போட்டார்கள். இரண்டு பேருக்கும் ஆக்சிஜன். இரண்டு வார்டுக்கும் போய்வந்து, வீட்டாருக்குப் போனில் நிலவரம் சொல்வது இவளுடைய வேலை. இவள் பெண்கள் வார்டுக்குள் நுழைந்ததும் அந்தம்மா கேட்பார்: அவரு சாப்டாரா? ஆண்கள் வார்டுக்குப் போனால் அவர் முகமூடியை நகர்த்திவிட்டுக் கேட்பார்: அவ சாப்டாளா? மருந்து, காய்ச்சல், சி.டி. ஸ்கேன் எதைப் பற்றியும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இவள் நடுவில் நின்று சோற்றுச் செய்தியை மட்டும் அங்கும் இங்கும் கொண்டுபோனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் மூன்று கரண்டி ரசஞ்சோறு சாப்பிட்டார். பார்த்துவிட்டு இவள் விடுதிக்கு வந்தாள். சாயங்காலம் அவர் போய்விட்டார். திருப்பூரில் இருந்த மகனுக்கு இவள்தான் போன் போட்டுச் சொன்னாள். அந்தப் பையன் அழுதுகொண்டே கெஞ்சியிருக்கிறான்: "அம்மாகிட்ட சொல்லிராதீங்க டாக்டர். கேட்டா அவங்களும் போயிருவாங்க. நல்லாகி வீட்டுக்கு வரட்டும், நான் சொல்லிக்கிறேன்." அந்த மாதங்களில் இது ஒரு வழக்கமாகவே ஆகியிருந்தது. ஒரே வீட்டில் இரண்டு பேர் படுத்து ஒருவர் போனால், மற்றவரிடம் மறைத்துவிடுவோம். மூத்த டாக்டர்களும் அதற்குத் தலையாட்டினார்கள். தலையாட்டியவர்கள் யாரும் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் தினமும் போய் நிற்க வேண்டியதில்லை.

"அன்னைக்கே திரும்ப வார்டுக்குள்ள போனேன்டி. அந்தம்மா சாப்டாரான்னு கேட்டாங்க. சாப்டாருன்னேன். மொத நாளு நான் சொன்னது பொய்யில்லடி. நெசமாவே மத்தியானம் சாப்டாரு. மறுநாளும் கேட்டாங்க."

மறுநாளிலிருந்து இவள் பொய்யைச் சமைக்க வேண்டியதாகிவிட்டது. இவளுக்குப் பொய் வராது. வராதவர்கள் சொல்லும்போது மெனக்கெட்டுச் சொல்வார்கள். வார்டுக்குப் போவதற்கு முன் மருத்துவமனைச் சமையலறையில் அன்றைக்கு என்ன சமைத்தார்கள் என்று விசாரித்துக்கொண்டு போய், அதையே அவர் சாப்பிட்டதாகச் சொல்லியிருக்கிறாள்.

"சொல்லிட்டு வந்து சோத்தப் பாத்தா, அது அவருக்குப் போட்ட சோறு மாதிரியே இருக்கு. வாயில வச்சா உள்ள போக மாட்டேங்குது. அன்னைக்குப் பொட்டலத்த வேணாம்னு சொல்லத்தான் நோன்புன்னு சொன்னேன். நீ உடனே சரின்னுட்ட. அப்புறம் தெனமும் அதையே சொல்றது லேசா இருந்துச்சு."

"என்கிட்ட ஏண்டி சொல்லல?"

"நீ கேக்கலையேடி."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. சும்மா உள்ளதைச் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. எங்கள் ஊர்ப் பெண் யாராவது ஒன்பது நாள் விரதம் என்று சொல்லியிருந்தால், "போடி உன் விரதமும் நீயும்" என்று வாயில் திணித்திருப்பேன். இவள் நோன்பு என்றதும் நான் கௌரவமாக நகர்ந்துகொண்டேன். அவர்கள் விஷயம், நாம் கேட்கக் கூடாது என்று இருந்தேன். மரியாதை என்று நினைத்தேன். அது சோம்பேறித்தனம்கூட இல்லை, அதைவிட மோசம். அவள் வீட்டுக் கஞ்சியை வாளி வாளியாகக் குடித்தவளுக்கு, அவளிடம் ஒரு கேள்வி கேட்க உரிமை இல்லையா என்ன?

அன்றைக்கு என் பொட்டலத்திலிருந்து நான்கு பருக்கையைப் பிசைந்து அவள் வாயில் வைத்தேன். மென்றாள், விழுங்கினாள். கொஞ்ச நேரத்தில் குளியலறைக்கு ஓடி எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள். அவள் பல்ஸைப் பிடித்துப் பார்த்தேன், கண் இமையை இழுத்துப் பார்த்தேன். பாடப் புத்தகத்தில் என்னவெல்லாம் எழுதியிருக்குமோ அதெல்லாம் அவள் உடம்பில் இருந்தது. மறுநாள் காலை பிபிஇ போட்டுக்கொள்ளும் அறையில் ஒரு முறை சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வார்டுக்குள் விழுந்தால் அந்தச் சூட்டில் மூடிய உடைக்குள் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"நான் ஒனக்குப் பதிலா அந்த வார்டுக்குப் போறேன். ஒன் டூட்டிய மாத்திக்குவோம்" என்றேன்.

"வேற ஆளு போயி நின்னா அந்தம்மாவுக்குச் சந்தேகம் வந்துரும். ஏன் அந்தப் புள்ள வரலன்னு கேப்பாங்க. நான்தான் போகணும்."

"அப்ப நானும் வாரேன்."

போனேன். எல்லோரும் ஒரே வெள்ளைக் கவசத்துக்குள் இருந்தோம். கண்ணைத் தவிர ஒன்றும் தெரியாது. அந்தம்மா அவள் நடையை வைத்தே கண்டுகொண்டார் போல. எழுந்து உட்கார்ந்து, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டார். அறுபது வயதிருக்கும். மூக்கில் குழாய் மட்டும் இருந்தது, நன்றாகத் தேறியிருந்தார்.

"வா தாயி. அவரு சாப்டாரா?"

"சாப்டாரும்மா. ரசஞ்சோறு."

"ரசத்துக்கு என்ன வெஞ்சனம்?"

"கோஸ் பொரியல்மா."

"முழுசும் தின்னாரா?"

"கொஞ்சம் வச்சிட்டாரு."

அந்தம்மா கண்ணை மூடிக்கொண்டு தலையை மெல்ல ஆட்டினார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். இறந்துபோனவருக்குச் சோறு போட்டு, தொட்டுக்கொள்ள வெஞ்சனமும் வைத்து, அதில் கொஞ்சம் மிச்சமும் வைத்தாளே, அங்கேதான் எனக்குத் தாங்கவில்லை. கண்ணாடிக்குள் கண்ணீர் வந்தால் துடைக்கவும் வழியில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்ததும் அவளிடம் சொன்னேன்: "ரெண்டே நாளு. அதுக்குள்ள நீ சாப்டலன்னா ஒங்கத்தாவுக்குப் போன் போட்டுருவேன். அவரு மொபெட்ட எடுத்துக்கிட்டு வார்டுக்குள்ளயே வந்துருவாரு." அவள் பயந்தாள். ஆனாலும் அன்று ராத்திரிக்கும் மறுநாளுக்கும் சேர்த்து அவள் வயிற்றில் தங்கியது அரை டம்ளர் மோர்தான்.

அந்த மகனுக்கும் நான் போன் செய்தேன். கொஞ்சம் கடுமையாகவே பேசினேன். வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ், வீட்டில் சித்தி, பெரியம்மா எல்லோரும் இருப்பார்கள், அங்கே வைத்துச் சொல்லிவிடுகிறேன் என்றான். பாவம், அவனுக்கும் என் வயதுதான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து, குளித்து, சாதாரண உடையில் முகக்கவசம் மட்டும் போட்டுக்கொண்டு நாங்கள் மருத்துவமனை முன்வாசல் வழியாக வந்தோம். நேராக விடுதிக்குப் போக வேண்டியது. அவள் நின்றுவிட்டாள். போர்டிகோவில் சக்கர நாற்காலியில் அந்தம்மா உட்கார்ந்திருந்தார். மகன் வண்டியை நிறுத்திவிட்டு வந்துகொண்டிருந்தான். வைகாசி வெயில் கொளுத்துகிறது. அவன் தலையில் காது வரைக்கும் இறக்கிவிட்ட குரங்குக் குல்லாய்.

அந்தம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"குல்லாயக் கழட்டுப்பா. வேர்க்குது பாரு."

"இல்லம்மா, இருக்கட்டும்."

"கழட்டு அப்பு."

கழற்றினான். மொட்டைத் தலை. அப்பனுக்குக் கொள்ளி வைத்து எடுத்த மொட்டை. வேர்வை வழிந்தது. அந்தம்மா கையை நீட்டி அந்தத் தலையை ஒரு தடவை தடவினார். அழவில்லை.

எனக்குப் பக்கத்தில் நின்றவள் முன்னால் போனாள். "அம்மா, மன்னிச்சிருங்க. நான்தான் தெனமும் ஒங்ககிட்ட…" என்று ஆரம்பித்தாள். குரலைக் கேட்டதும் அந்தம்மா நிமிர்ந்தார்.

"நீதானா தாயி? எனக்கு அன்னைக்கே தெரியுமே."

"என்னைக்கு?"

"செவ்வாக்கெழம. மத்தியானம் ரசஞ்சோறும் பீட்ரூட்டும் தின்னாருன்னு சொன்னியே. நாப்பது வருசமா செவ்வாக்கெழம பகல்ல அவரு வாயில பச்சத்தண்ணி படாது. பழனி முருகனுக்கு. போன வருசம் டைபாய்டுல கெடந்தப்பக்கூட விட்டதில்ல. சாப்டாருன்னு நீ சொன்னதுமே தெரிஞ்சுபோச்சு."

இவளுக்கு எப்படித் தெரியும்? சமையலறையில் கேட்டாள், வெஞ்சனத்தைக் கேட்டாள், கிழமையை யார் கேட்பார்கள்? தன் நோன்பைப் பற்றி அத்தனை சட்டமும் தெரிந்தவள், அவருக்கும் ஒரு நோன்பு இருக்கும் என்று நினைக்கவில்லை.

"தெரிஞ்சு ஏம்மா தெனமும் கேட்டீங்க?" என்றாள்.

"கேக்காம விட்டா எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நீ பயந்துருவியே தாயி. சொல்ல வர்றப்பல்லாம் எம்மொகத்தப் பாக்காம கொழாயவே திருகிக்கிட்டு நிப்ப. நானும் அழுதா நீ என்னா பண்ணுவ? அதோட, நீ சொல்லக் கேக்க நல்லாருந்துச்சு. சாப்டாரு, சாப்டாருன்னு."

மகன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். பத்துப் பதினோரு நாள் இந்த இரண்டு பேரும் ஒருத்திக்காக ஒருத்தி அந்தக் கட்டிலில் வைத்து நடித்திருக்கிறார்கள். அங்கே ஒருத்தி அழாமல் இருந்திருக்கிறாள், இங்கே ஒருத்தி சாப்பிடாமல் இருந்திருக்கிறாள்.

"நீ சாப்டியா தாயி?" என்று அந்தம்மா கேட்டார்.

"நோன்…" என்று இவள் வாய் வழக்கம்போல் ஆரம்பித்தது. நான் விடவில்லை.

"இல்லம்மா. இவ சாப்டல. அவரு போனதுல இருந்து இவ ஒழுங்கா ஒரு வேள சாப்டல. வாயில வச்சா வாந்தி எடுக்குறா. என்கிட்ட பொய் சொல்லிட்டா. நீங்களே கேளுங்க."

கோள் சொல்கிற சின்னப் பிள்ளை மாதிரி மூச்சுவிடாமல் சொன்னேன். அந்தம்மா மகனிடம், வண்டியில் என்ன இருக்கிறது என்று கேட்டார். பசிக்கும் என்று அவன் பெண்சாதி இட்லியும் தக்காளிச் சட்னியும் கட்டிக் கொடுத்திருந்தாள். எடுத்து வந்தான். வெளியே வேப்பமரத்தடியில் ஒரு சிமென்ட் பெஞ்சு இருந்தது. இவளை அதில் உட்காரவைத்து, ஆறடி தள்ளி நாற்காலியை நிறுத்தச் சொன்னார்.

"எம் முன்னாடி சாப்டு. நான் பாக்கணும். இனிமே யாரும் சாப்டாங்கன்னு சொல்றத நான் நம்ப மாட்டேன்."

இவள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கினாள். மூக்குத் தண்டில் என்95 அழுத்திய புண், இரண்டு கன்னத்திலும் கோடு கோடாகத் தழும்பு. பரு. ஒட்டிப்போன முகம். அவ்வளவு நாளும் அந்தம்மா அந்த முகத்தைப் பார்த்ததே இல்லை. அப்போதுதான் பார்த்தார்.

"ஆத்தாடி… இம்புட்டுச் சின்னப் புள்ளையா நீ?"

அதைச் சொன்னதும் அவருக்கு உடைந்தது. நெஞ்சில் அடித்துக்கொண்டு, புருஷனைக் கூப்பிட்டு அழ ஆரம்பித்தார். போர்டிகோவில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மகன் நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து அம்மாவைப் பிடித்துக்கொண்டான். இவள் வாயில் இட்லியோடு எழப் போனாள்.

"எந்திரிக்காத!" அழுகைக்கு நடுவிலேயே அந்தம்மா கையைக் காட்டி அதட்டினார். "நான் அழுவுறேன், நீ சாப்டு."

இவள் உட்கார்ந்தாள். அழுதுகொண்டே மென்றாள், விழுங்கினாள். அடுத்த விள்ளலைச் சட்னியில் தொட்டாள். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, குமட்டுகிறதா என்று அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தம்மா பெயர் சொல்லாமல் புருஷனை ஏசினார், கெஞ்சினார், எனக்குப் புரியாத பழைய சண்டை ஒன்றை இழுத்து வைத்து அழுதார். நடுநடுவே திரும்பி டப்பாவைப் பார்த்துக்கொண்டார்.

மூன்று இட்லி சாப்பிட்டாள். நான் எண்ணினேன். வாந்தி வரவில்லை.